கோத்தகிரியில் ஏழு சிவப்பு ஸ்டிக்கர்

நவம்பர் 4, திங்கள்

இன்றிலிருந்து நான் கையெழுத்துப் போடுகிறவள்!

ஆறு வருடமாக நான் பிரஷர் கேஜைக் கழற்றித் துடைத்து, அழுத்தம் ஏற்றி, இறக்கி, அளவெடுத்து எழுதிக் கொடுப்பேன். அதற்குக் கீழே எங்கள் லேப் மேனேஜர் குழந்தைவேலு சார் கோழி கிளறியதுபோல ஒரு கிறுக்குக் கிறுக்குவார். இனி அந்த இடத்தில் த. வஞ்சிக்கொடி. மத்தியானம் பழைய பேப்பர் ஒன்றில் பக்கம் முழுக்கப் போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கிறது.

சார் மட்டும் வாழ்த்துகிற மாதிரி வாழ்த்தவில்லை.

"இங்க பாரு வஞ்சி, ஒரு மாசம் பாப்பேன். ஒரே ஒரு கம்ப்ளெயிண்ட் வந்துது, பேனா திரும்ப எங்கிட்ட வந்துரும்."

"வராதுங் சார்."

"இப்பிடிச் சொல்றவங்களுக்குத்தான் மொதல்ல வரும்."

நல்ல வாய்!

சித்தி போனில் பேசும்போது, "அப்பிடி என்னதான்டி வேல அது, கையெழுத்துப் போட இத்தன கொண்டாட்டம்?" என்றாள். கேஸ் குழாயில் எவ்வளவு அழுத்தம், எவ்வளவு ஓட்டம் என்று காட்டுகிற கருவிகள் பொய் சொல்கின்றனவா என்று பார்க்கிற வேலை சித்தி, என்றேன். உண்மை சொன்னால் பச்சை ஸ்டிக்கர், பொய் சொன்னால் சிவப்பு. சிவப்பு ஒட்டிவிட்டால் அந்த லைனை ஓட்டக் கூடாது. ஒட்டியவரோ அவருக்கு மேலதிகாரியோ திரும்பப் போய், அந்த இடத்து ஆள் முன்னால் சரிபார்த்து உரித்தால்தான் உண்டு. "போலீஸ் வேலையாட்டம் இருக்குது" என்றாள். ஆமாம், அப்படித்தான்.

புதன்கிழமை முதல் தனி வேலை. கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை. இலையை உலர்த்த விறகு அடுப்புக்குப் பதிலாக கேஸ் அடுப்பு போட்டிருக்கிறார்களாம். அந்த லைனில் ஆறு பிரஷர் கேஜ், ஒரு ஃப்ளோ மீட்டர். ஒரு மணி நேர வேலை.

நவம்பர் 6, புதன்

ஏழுக்கும் சிவப்பு!

மற்ற கேஜ்களை ஒப்பிட்டுப் பார்க்கிற எங்கள் டிஜிட்டல் மாஸ்டர் கேஜ் தன்னையே சரிபார்த்துக்கொள்ள பெங்களூர் போயிருப்பதால், புதிதாக வாங்கிய எண்ணெய் ஊற்றிய மாஸ்டர் கேஜை எடுத்துக்கொண்டு போனேன். மேட்டுப்பாளையத்திலிருந்து வளைவுக்கு வளைவு அது என் மடியில் கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்து வந்தது.

மெயிண்டனன்ஸ் சூப்பர்வைசர் பெயர் பரஞ்சோதி என்று பேப்பரில் போட்டிருந்தது. நெற்றி நிறைய விபூதியோடு அறுபது வயதுப் பெரியவர் வருவார் என்று நினைத்திருந்தேன். வந்தது முப்பது முப்பத்திரண்டு வயது ஆள். நல்ல உயரம். காதை மூடிய கம்பளிக் குல்லா. எதைச் சொன்னாலும் சிரிப்பு. "பஸ் எப்பிடீங்க இருந்துது?" என்று கேட்டுவிட்டு, நான் வாயைத் திறக்கும் முன்பே சிரிக்கிறார். எனக்கு இந்த மாதிரி ஆட்களைக் கண்டால் ஆகாது.

அளவெடுப்பதில் எங்களுக்கு ஒரு முறை உண்டு. கேஜின் கண்ணாடியை விரல் நுனியால் லேசாகத் தட்டிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். ஒட்டிக்கொண்டிருக்கும் முள் அப்போதுதான் தன் இடத்துக்கு வரும். இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்து, தனித்தனியாக எழுதி, பிறகு ஒப்பிட வேண்டும். ஃப்ளோ மீட்டர் என்பது கண்ணாடிக் குழாய். கேஸ் ஓட ஓட அதற்குள் ஒரு மிதவை ஏறி நிற்கும். கண்ணை மிதவைக்கு நேராக வைத்துப் பார்த்தால்தான் அளவு சரியாக வரும். அவரும் அதே நேரம் குனிந்தார். டங்கென்று தலையும் தலையும் மோதிக்கொண்டன.

"ரெண்டாந்தரம் முட்டிக்கோணுங்க. இல்லீன்னா கொம்பு மொளைக்கும்" என்றார்.

"எனக்கு மொளச்சாப் பரவால்லீங்க. நீங்க அளவச் சொல்லுங்க" என்றேன். அதற்கும் ஒரு சிரிப்பு.

ஆறு கேஜும் மாஸ்டரைவிட அதிகமாகக் காட்டின. அந்த அழுத்தத்தை வைத்துக் கணக்குப் போட்டால் ஃப்ளோ மீட்டரும் தப்பு. வரிசையாகச் சிவப்பு ஒட்டினேன். முதல் நாளே இப்படி ஒரு சிக்கல் சிக்கியதே என்று உள்ளுக்குள் பெருமைதான். அவர் என் மாஸ்டர் கேஜைக் கையில் வாங்கி ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, "டீ சாப்பிடறீங்களா?" என்றார்.

"லைன் நிறுத்தோணுங்க. வருத்தமாத்தான் இருக்கும்" என்றேன்.

"அட, அதனால ஒண்ணும் போச்சாதுங்க. பழைய வெறகு அடுப்பு இருக்குது, இப்ப எலையும் கம்மி. நீங்க மறுபடி வருவீங்கல்ல?"

சிவப்பு ஸ்டிக்கரை இவ்வளவு சந்தோஷமாக வாங்கிக்கொண்ட ஆளை என் சர்வீஸில் பார்த்ததில்லை. டீ நன்றாக இருந்தது. இரண்டு டம்ளர் குடித்தேன். நாலு மணி பஸ்ஸை விட்டுவிட்டு ஆறு மணி பஸ்ஸில் வந்தேன். டீ சூடாக இருந்ததுதான் காரணம்.

நவம்பர் 7, வியாழன்

திருப்பூரிலிருந்து பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருகிறார்களாம். பையன் பெயர் மோகன்குமார். சொந்தமாக பனியன் கம்பெனி. "என்னடி சொல்ற?" என்றாள் அம்மா. சரி என்றேன். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் வேண்டாமா? என்னிடம் அப்படி எந்தக் காரணமும் கிடையாது. தலையில் மோதிய இடத்தில் இன்னும் லேசாக வலி.

நவம்பர் 8, வெள்ளி

செத்தேன்.

காலையில் புது மாஸ்டர் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைக்கும்போது அதன் தலையைப் பார்த்தேன். எண்ணெய் கேஜின் தலையில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதன் மேல் சின்னதாக ஒரு மூக்கு. வேலை செய்கிற இடத்தில் அந்த மூக்கை பிளேடால் வெட்டிவிட வேண்டும். அப்போதுதான் உள்ளே இருக்கும் காற்றும் வெளிக்காற்றும் சமமாகும். வெட்டாமல் மலைக்குக் கொண்டுபோனால் எங்கள் கோயம்புத்தூர்க் காற்று உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மலைக்காற்று மெலிசு. முள் குறைவாகக் காட்டும். சும்மா இருக்கும்போது முள் பூஜ்யத்துக்குக் கீழே இறங்காமல் ஒரு ஆணி தடுத்துக்கொள்வதால், பார்க்கிறவர்களுக்குச் சந்தேகமும் வராது.

என் மாஸ்டரின் மூக்கு முழுசாக இருந்தது. வெட்டவே இல்லை.

அதாவது பொய் சொன்னது அந்த ஏழும் இல்லை. என் மடியில் உட்கார்ந்து போன கைக்குழந்தை.

இதில் கேவலம் என்னவென்றால், ஆறு கேஜும் ஒரே அளவுதான் அதிகமாகக் காட்டின. புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாளே நான் சொல்லிக் கொடுக்கிற பாடம் அது: எல்லாம் ஒரே அளவு தப்பென்றால் உன் கையில் இருப்பதைப் பார். அன்றைக்கு எனக்கு ஏன் தோன்றவில்லை? உயரம்தான். மலையில் ஆக்சிஜன் குறைவு. மூளை மந்தமாகிவிடும். வேறு காரணமே இல்லை.

குழந்தைவேலு சாரிடம் சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அந்த ஆளு எழுத்துல கம்ப்ளெயிண்ட் குடுத்தா நான் ஒண்ணும் பண்ண முடியாது. பேனா போயிரும். திங்கக்கெழம போயி ஏழையும் சரிபண்ணி உரிச்சுட்டு வா."

கோத்தகிரிக்கு போன் போட்டு, நடந்ததையும் புகார் வந்தால் என் பேனா போய்விடும் என்பதையும் பரஞ்சோதியிடம் சொன்னேன்.

"கம்ப்ளெயிண்ட் எழுதுவீங்களா?"

"எழுதோணுங்களா?"

"வேண்டாங்க."

"அப்ப நேர்ல வந்து சொல்லுங்க. போன்ல சரியாக் கேக்கல" என்றார். எனக்கென்னவோ அட்சரம் பிசகாமல் கேட்டது.

நவம்பர் 11, திங்கள்

மூக்கை வெட்டிய மாஸ்டரோடு போனேன். இரண்டு கேஜ் முடிந்தது. இரண்டும் சுத்தத் தங்கம். சிவப்பை உரித்துப் பச்சை ஒட்டினேன்.

மீதி ஐந்தை ஏன் பார்க்கவில்லை என்று குழந்தைவேலு சார் நாளைக்குக் கேட்பார். மேகமூட்டம் என்று சொல்ல வேண்டும். மேகமூட்டம் இருந்தது உண்மை. கேஜ் எல்லாம் கட்டடத்துக்கு உள்ளே இருப்பதும் உண்மைதான். ஆனால் இலையை வாடவைக்கிற மாடியைப் பரஞ்சோதி காட்டினார். அங்கே பச்சை இலையைப் பரப்பி அடியிலிருந்து காற்று விடுகிறார்கள். வாசனை என்றால் அப்படி ஒரு வாசனை! ஒரு கை அள்ளி முகத்தருகே நீட்டினார். நான் தும்மினேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். அவர் சிரித்ததைப் பார்த்துத்தான்.

குல்லாவைக் கழற்றினால் முடி நட்டுக்கொண்டு நிற்கிறது. இதை எதற்கு இங்கே எழுதுகிறேன்?

நவம்பர் 12, செவ்வாய்

அம்மா புடவை எடுத்தாள். மாம்பழ நிறம். எனக்குப் பிடித்ததா என்று கேட்டாள். எது, என்றேன்.

நவம்பர் 14, வியாழன்

மழை. இன்னும் இரண்டு முடிந்தது. மூன்று பாக்கி.

ஒவ்வொரு அளவுக்கும் அழுத்தம் ஏற்றிய பிறகு, முள் நிலைகொள்ள ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். இன்று ஒரு கேஜுக்கு நாங்கள் இருவரும் முள்ளைப் பார்த்தபடி அரை மணி நேரம் நின்றிருக்கிறோம். முள் அப்போதே நின்றுவிட்டது. பரஞ்சோதி தன் தங்கை கல்யாணத்தில் சாம்பாருக்கு இரண்டு முறை உப்புப் போட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். போட்டது அவர்தானாம். மாப்பிள்ளை வீட்டார் வாயைத் திறக்காமல் குடித்து முடித்தார்களாம். நான் சிரித்ததில் கேஜ் ஆடி, திரும்ப முதலிலிருந்து அளவெடுக்க வேண்டியதாயிற்று.

லேபுக்கு வந்ததும் சார் பிடித்துக்கொண்டார்.

"என்ன கணக்கு இது? ரெண்டு கேஜுக்கு ஒரு பஸ் டிக்கெட்டா?"

"நிதானமாப் பாக்கறேனுங் சார். ஒருக்கா தப்புப் பண்ணியாச்சு."

"நிதானம்னா நிதானம், அப்பிடியொரு நிதானம்! புதன்கெழம கடைசி. மூணும் முடியோணும். இல்லீன்னா வியாழக்கெழம நானே போறேன்."

அவர் போவதாவது! மூன்றும் முடிந்துவிட்டால் நான் கோத்தகிரி போக ஒரு காரணமும் இருக்காது. அடுத்த சரிபார்ப்புக்கு முழுசாக ஒரு வருடம் ஆகும். இதை எழுதிவிட்டுப் பேனா மூடியைக் கடித்து வைத்திருக்கிறேன். மத்தியானம் சாப்பிட்ட தயிர் சாதம் போதவில்லை போலிருக்கிறது.

நவம்பர் 17, ஞாயிறு

வந்தார்கள். எட்டுப் பேர். மோகன்குமார் நல்ல மாதிரி. நிறமும் உயரமும் பேச்சும் எல்லாமே நன்றாக இருந்தன. தனியாகப் பேசச் சொல்லி மாடிக்கு அனுப்பினார்கள். அடுத்த வீட்டு வேப்ப மரத்தைக் கொஞ்ச நேரம் இருவரும் பார்த்தோம்.

"உங்களுக்கு என்னப் புடிச்சிருக்குதுங்களா?" என்றார்.

பிடித்திருக்கிறது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாக.

"கோத்தகிரியில மூணு மீட்டர் பாக்கி இருக்குதுங்க" என்று வந்தது.

"அதுக்கும் இதுக்கும் என்னங்க?"

"ஒண்ணும் இல்லீங்க."

"வேலைங்களா?"

"வேலதானுங்க. மூணு மட்டும் முடிக்காம வெச்சிருக்கேன்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "சரீங்க. அந்த மூணையும் நல்லபடியா முடிங்க" என்று எழுந்து, எனக்கு முன்னால் படியிறங்கினார். கீழே தன் அம்மாவிடம், "பொண்ணுக்கு வேலை பாக்கி நெறைய இருக்குதும்மா, நம்மளுக்கு சரிப்படாது" என்றார். மனிதர் தங்கமானவர். அவருக்கு நல்ல பெண் கிடைக்க வேண்டும்.

அவர்கள் போனதும் அம்மா, "மேல போயி என்னடி சொல்லித் தொலைச்ச?" என்று கத்தினாள். எனக்கே தெரியவில்லை. அப்பா மீதிக் கேசரியைச் சாப்பிட்டார்.

நவம்பர் 19, செவ்வாய்

நாளை கடைசி. தூக்கம் வரவில்லை. சரி, எழுதியே விடுகிறேன். இது உயரத்தால் வந்ததில்லை. ஆக்சிஜன் நிறைய இருக்கிற கோயம்புத்தூரிலும் எனக்கு இப்படித்தான் இருக்கிறது.

நவம்பர் 20, புதன்

மூன்றும் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

இரண்டு கேஜும் பத்தே நிமிடத்தில் பச்சை. கடைசியாக ஃப்ளோ மீட்டர். இருவரும் குனிந்தோம், இந்த முறை தலை மோதாமல். மிதவை ஏறி நின்றது. அளவு சரி. சிவப்பை உரித்தேன். பச்சை ஒட்டினேன். அவ்வளவுதான். அவர் சிரிக்கவில்லை. நான் ரிப்போர்ட் பேப்பரை எடுத்தேன்.

ரிப்போர்ட்டில் காரணம் எழுத வேண்டிய இடம் வந்தது. "மாஸ்டர் கேஜ் மூடியோட மூக்கு வெட்டலன்னு எழுதறேனுங்க" என்றேன்.

"எழுதுங்க. நானும் அன்னிக்கே அதப் பாத்தேன்" என்றார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"என்னிக்கே?"

அவர் குல்லாவை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.

"மொத நாளேவா? கையில வாங்கிச் சுத்திச் சுத்திப் பாத்தீங்களே, அப்பவா?"

"ஆமாங்க."

"ஏழுக்கும் செவப்பு ஒட்டறப்ப பக்கத்துல நின்னு சிரிச்சுட்டு இருந்தீங்களா? ஏனுங்க சொல்லல?"

"சொல்லீருந்தா மூக்க வெட்டீட்டு, எல்லாத்துக்கும் பச்ச ஒட்டீட்டு, நாலு மணி பஸ்ஸுக்குப் போயிருப்பீங்க."

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. "என் பேனா போயிருக்குமுங்க! ஆறு வருசங்க! உங்க மொதலாளி ஒரு வரி எழுதியிருந்தா நான் பழையபடி கேஜ் தொடச்சுட்டு இருப்பேன். உங்களுக்கு வெளையாட்டா இருக்குதுங்களா?"

"தப்புதானுங்க. பேனா விசயம் எனக்குத் தெரியாது. நீங்க போன்ல சொன்னப்பதான் தெரிஞ்சுது. அன்னைலேருந்து மொதலாளிகிட்ட வெறகுக்குக் காரணம் சொல்லிச் சொல்லி எனக்கு வாயே வலிக்குதுங்க." பச்சை ஸ்டிக்கரைக் காட்டினார். "ஆனா ஒண்ணுங்க. ஏழும் ஒரு மணி நேர வேல. நீங்க மூணு நாள் எடுத்துட்டீங்க. நான் ஏன்னு கேட்டனா?"

பிடிபட்டேன். காது வரை சூடேறியது. அந்தச் சூட்டில்தான் வாய் தானாகப் பேசியது.

"எனக்கு உங்களப் புடிச்சிருக்குது. அது வேற விசயம். உங்க மேல ரிப்போர்ட்ல எழுதப் போறேன். இது வேற விசயம்."

"ரெண்டையும் எழுதுங்க. ரெண்டுலயும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'குறையைத் தொழிற்சாலைத் தரப்பு முதல் நாளே அறிந்திருந்தும் தெரிவிக்கவில்லை.' கீழே அவர் கையெழுத்துப் போட்டார். பக்கத்தில் நான் போட்டேன். அந்த நேரத்தில் எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே கிடையாது. ஐயோ, சொல்லிவிட்டேன்! சொல்லியே விட்டேன்!

நவம்பர் 21, வியாழன்

சார் ரிப்போர்ட்டை இரண்டு முறை படித்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மூன்றாம் முறை படித்தார்.

"இது ரிப்போர்ட்டா, கல்யாணப் பத்திரிகையா? ரெண்டு கையெழுத்தும் இப்பிடி ஒட்டிட்டு நிக்குது!"

நான் மேஜையில் இருந்த கேஜைத் துடைக்க ஆரம்பித்தேன்.

"தப்ப மறைக்காம எழுதியிருக்கே. பேனா உங்கிட்டயே இருக்கட்டும். ஆனா அடுத்த வருசம் அந்த ஃபேக்டரிக்கு வேற ஆளத்தான் அனுப்புவேன். சொந்தக்காரங்க கேஜை சொந்தக்காரங்க பாக்கக் கூடாது."

நவம்பர் 24, ஞாயிறு

வீட்டில் சொன்னேன்.

அம்மா முதலில் கேட்டது, "நம்ம ஆளுங்களா?" என்றுதான். இல்லை என்றேன். அம்மா சமையலறைக்குள் போனாள். உள்ளே பாத்திரங்கள் உருண்டன. கழுவி வைத்த பாத்திரங்களை எடுத்துத் திரும்பக் கழுவினாள்.

அப்பா நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். நான் எதிரே நின்றேன். அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"என்ன வேலன்னு சொன்ன?" என்றார் கடைசியில்.

"கேஸ் லைன் மெயிண்டனன்ஸுங்ப்பா."

"கேஸ் லைன்லயா? அப்ப பீடி, சிகரெட்டு குடிக்க முடியாதில்ல?"

"முடியாதுங்ப்பா. தீப்பெட்டிய கேட்லயே புடுங்கிருவாங்க."

அப்பாவுக்கு அது போதும்போல. "சரி கண்ணு. வெள்ளிக்கெழம வரச் சொல்லு" என்றார்.

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"வெள்ளிக்கெழம வேண்டாம்!" என்றாள் அம்மா. என் உயிர் போய் வந்தது. "ஞாயித்துக்கெழம வரச் சொல்லுங்க. பலகாரம் சுட வீட்ல எண்ணெ இல்ல, வாங்கோணும்."

நானே வாங்கி வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினேன். கடையில் இரண்டு லிட்டரைக் கையில் வாங்கிய பிறகுதான் உறைத்தது, ஞாயிற்றுக்கிழமை வர இன்னும் ஒரு வாரம் இருக்கிறது.